பொருள்: மனைவி திரும்பி வருதல் – தொடர்பாக

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஒரு கார்பன் தாளிலிருந்து களவாடியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைக் காட்டிலும் இது கௌரவம்.

தொண்ணூற்றேழாம் வருஷம். திருவனந்தபுரத்தில் ஸ்டாச்சு சந்திப்பு, செக்ரட்டேரியட்டுக்கு எதிர்ச்சாரி, ஒரு சந்து, அதில் நாலாவது கடை. தாணுமாலையன் ஜாப் டைப்பிங். இங்கிலீஷ் மெஷின் இரண்டு, மலையாளம் ஒன்று, தமிழ் ஒன்று. அந்தத் தமிழ் மெஷினில் நான் ஒரு கதை அடிக்கக் கொடுத்திருந்தேன். வாங்கி வந்த கட்டோடு ஒரு கார்பன் தாளும் தப்பி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை பயன்படுத்திய தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நீலத்தில் வெள்ளையாக ஒரு இங்கிலீஷ் கடிதம் முழுசாகத் தெரிந்தது. அதன் 'பொருள்' வரியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

அன்று அடித்து வாங்கிய கதையை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. கார்பன் தாளை மட்டும் நாலு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு சங்கடம். இதையும் தாணுமாலையனிடம்தான் அடிக்கக் கொடுத்தாக வேண்டும். என் கையெழுத்து ஊரில் வேறு எந்தக் கடையிலும் விளங்காது. எனவே கீழே சதுர அடைப்புக்குள் ஏதாவது வந்தால் அது என்னுடையது அல்ல.

[அடிப்பவர் குறிப்பு: அந்தக் கார்பனை நான் ஒரு மாதம் தேடினேன்.]

2

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன்.

முதலாவது: "தாணுமாலையன் விரல்களால் யோசிக்கிற மனிதர்." கேட்க நன்றாக இருக்கிறது. அதுதான் அதிலுள்ள கோளாறு. இப்படி ஒரு வரி எழுதிவிட்டால் அதற்குத் தக்கபடி கதை முழுக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்தது." திருவனந்தபுரத்தில் இது ஒரு தகவலே அல்ல.

மூன்றாவதைத் தாணுமாலையனின் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டேன். "இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல்லுக்கு எந்தப் பெயர்ச்சொல்லைக் கட்டிவைக்கணும்னு ஒரு பொருத்தம் உண்டு வே. அதை மாத்திக் கட்டினா மனு ஜெயிக்காது."

இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மேஜை இழுப்பறையில் நீளவாக்கில் ஒரு நோட்டு வைத்திருந்தார். இடப்பக்கம் வினை, வலப்பக்கம் பெயர். சுசீந்திரத்தில் அவருடைய சித்தப்பா ஜாதகம் பார்க்கிறவர். இவர் பார்த்ததும் ஜாதகம்தான். 'லாட்ஜ்' என்றால் 'கம்ப்ளெயிண்ட்'. ஏகபத்தினி விரதம். 'டெண்டர்' என்றால் 'அப்பாலஜி', 'ரெசிக்னேஷன்' என்று இரண்டு சம்சாரம். 'டேக்' என்பவன் மகா பொல்லாதவன். ஆக்‌ஷன், லீவ், ஸ்டெப்ஸ், நோட், சார்ஜ் என்று ஊர் முழுக்கக் குடும்பம் வைத்திருக்கிறான். 'கமிட்' நல்ல வீட்டில் பெண் எடுத்ததே இல்லை. குற்றம், பிழை, தற்கொலை, அவ்வளவுதான் அவனுக்கு வாய்த்தது.

ஆயிரத்து நானூறு ஜோடி இருந்தது. அகராதியிலிருந்து ஒன்றுகூட எடுத்ததில்லை. "அகராதியில இருக்கப்பட்டது சொல்லிக்குடுத்ததாக்கும். கவர்ன்மெண்ட் பதில்ல வாரதுதான் நடப்பு" என்பார். வந்த உத்தரவு, போன மனு, பத்திரிகை டெண்டர் அறிவிப்பு, கோர்ட்டு நோட்டீஸ் என்று எங்கே இரண்டு சொல் சேர்ந்து நின்றாலும் பிடித்து நோட்டில் போட்டுவிடுவார். இருபது வருஷ உழைப்பு. அவர் அடித்த மனு திரும்பி வந்ததில்லை என்று நெடுமங்காடு வரைக்கும் பேர்.*

இத்தனை இங்கிலீஷும் விரல் நுனியில்தான் இருந்தது. வாயில் ஒரு சொல் வராது.

* பேர் இருந்தது உண்மை. மனு ஜெயித்ததா என்பது வேறு விஷயம். திரும்பி வராத மனுவெல்லாம் ஜெயித்த மனு என்று கணக்கு வைத்தால் இந்த ஊரில் எல்லாருமே ஜெயித்தவர்கள்.

3

இசக்கிசெல்வி தாணுமாலையனின் மனைவி. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவள். எஸ்டேட்டின் பெயரை மறைக்கிறேன். அங்கே ஒரு யூனியன் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் கோவளம் கடற்கரையில் ஒரு தையல்கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். ஜெர்மன்காரிக்குச் சட்டை, பிரெஞ்சுக்காரனுக்கு பைஜாமா. அங்கே அவளுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது. 'கிவ்', 'கம்', 'கோ', 'சிட்' என்று நாலைந்து வினை. அதை வைத்துக்கொண்டு உலகத்தில் எல்லாச் சாமான்களையும் கட்டியிழுத்துவிடுவாள்.

அந்த வருஷம் ஒரு மாதம் பதினாலாம் தேதி மதியம், சோற்றுக் கேரியரோடு கடைக்கு வந்தபோது அவள் வாசலில் கண்டது இது. ஒரு வெள்ளைக்காரி நின்று அழுகிறாள். தாணுமாலையன் இரண்டு கையையும் மெஷின் மேல் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பெஞ்சில் பட்டாபி.

(பட்டாபியைப் பற்றி அடுத்த பகுதியில். இப்போதைக்கு, ரிட்டயரான அண்டர் செக்ரட்டரி, வலியசாலை அக்ரஹாரம், வாரம் ஒரு தடவை சாக்கடை பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் அடிக்க வருபவர் என்பது போதும்.)

பட்டாபி எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, வெள்ளைக்காரியிடம் கேட்டார்: "மே ஐ பி பெர்மிட்டட் டு நோ த எக்ஸாக்ட் நேச்சர் ஆஃப் யுவர் கிரீவன்ஸ்?"

அவள் "சாரி?" என்றாள். பட்டாபி அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

இசக்கிசெல்வி கேரியரை வைத்தாள். "கம், கம். சிட். டிரிங்க் வாட்டர். வாட் கோ? பேக் கோ?"

"எஸ்! மை பேக்! ஆன் த பஸ்!"

"விச் பஸ்? கோவளம் பஸ்? ஓகே. நோ க்ரை. போலீஸ் கோ, கிவ் கம்ப்ளெயிண்ட். ஹீ டைப், யூ சைன். ஹீ வெரி குட் டைப். மை ஹஸ்பெண்ட்."

ஐந்து நிமிஷத்தில் விவரம் எல்லாம் வாங்கித் தமிழில் சொன்னாள். தாணுமாலையன் அடித்தார். அற்புதமான புகார். வெள்ளைக்காரி கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு தலையசைப்பும் இசக்கிசெல்விக்கு ஒரு கட்டிப்பிடிப்பும் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருக்கலாம். பட்டாபி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கேட்டேளா தாணு? 'கிவ் கம்ப்ளெயிண்ட்'டாம்! குடுக்கறதுக்கு அது என்ன வெத்தலையா? 'ஹீ வெரி குட் டைப்'பாம்! நன்னா இருக்கு!"

தாணுமாலையனும் சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தியிருந்தாலும் போயிற்று.

"கோவளம் கடப்புறத்து இங்கிலீஷாக்கும் சார். மணல்ல பொறுக்கினது. இதை நம்ம மெஷின்ல அடிச்சா மெஷினுக்கே வெக்கம் வந்து நின்னுபோவும்."

இசக்கிசெல்வி இரண்டு பேரையும் பார்த்தாள். "சோறு ஆறிப்போவும். தின்னுங்க" என்றாள். சாயங்காலம் தாணுமாலையன் வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். அம்மைக்குக் கால் வீக்கம், எஸ்டேட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

[அடிப்பவர் குறிப்பு: நான் சொன்னது 'மெஷினுக்கே வெக்கம்' இல்லை. 'மெஷின் மடங்கிப்போவும்' என்றுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான். அடிச்சதை அப்படியே விட்டிருக்கேன்.]

4

பட்டாபி மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு வசதியாக ஒரு பகட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரா? வாசகர் நம்புவாரா? அவரை எடுத்துவிட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். தாணுமாலையன் தனியாகச் சிரித்தார். அது சரிப்படவில்லை. அவர் சிரித்ததே இன்னொருத்தருக்காகத்தான். தன் வாயில் ஒரு சொல் வராமல் போன ஐந்து நிமிஷத்தை, ஒரு அண்டர் செக்ரட்டரியின் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டு மறைத்துவிடலாம் என்று பார்த்தார். அதற்கு ஒரு அண்டர் செக்ரட்டரி கட்டாயம் வேண்டும்.

எனவே பட்டாபி இருக்கட்டும். நேரில் அவர் இதைவிட மோசம்.

5

ஒரு வாரம் ஹோட்டல் சாப்பாடு. இரண்டாம் வாரம் வயிறு கெட்டது. மூன்றாம் வாரம் தாணுமாலையனுக்கு விஷயம் புரிந்தது. இது அம்மைக்குக் கால் வீக்கம் அல்ல.

எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். தமிழ் மெஷினில் தாளை ஏற்றி, 'அன்புள்ள' என்று அடித்தார். கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. 'அன்புள்ள' என்ற சொல் தாளில் தனியாக நிற்பதைப் பார்க்க, சட்டையில்லாமல் தெருவில் நிற்பதுபோல இருந்தது அவருக்கு. தாளை உருவிக் கசக்கினார். இங்கிலீஷ் மெஷின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். புதுக் கார்பன் எடுத்தார்.

அதற்கப்புறம் விரல் நிற்கவில்லை. கார்பனில் நான் படித்ததைத் தமிழில் தருகிறேன். என் மொழிபெயர்ப்பில் கஞ்சி கொஞ்சம் குறைந்திருக்கும். மூலத்தில் மடமடப்பு அதிகம்.

*பெறுநர்: திருமதி இசக்கிசெல்வி, முகாம்: எஸ்டேட் லயம்.*

*பொருள்: மனைவி திரும்பி வருதல் – தொடர்பாக.*

*பார்வை: (1) 14ஆம் தேதி மதிய உணவு நேரத்தில் கீழே கையொப்பமிட்டவர் தெரிவித்த கருத்து. (2) அதன்பேரில் தாங்கள் எடுத்த நடவடிக்கை.*

*அம்மணி, பார்வை ஒன்றில் கண்ட கருத்துக்காகக் கீழே கையொப்பமிட்டவர் தமது நிபந்தனையற்ற மன்னிப்பைச் சமர்ப்பிக்கிறார். அதனால் ஏற்பட்ட அசௌகரியம் ஆழ்ந்து வருந்தத்தக்கது. இத்தகைய நிகழ்வு இனி நடவாவண்ணம் தக்க முன்னேற்பாடுகள் செய்யப்படும் என்று உறுதியளிக்கப்படுகிறது. தாங்கள் இவ்விஷயத்தைக் கனிவுடன் பரிசீலித்து, ஆவன செய்து, கூடிய விரைவில் திரும்பி வந்து உதவுமாறு பணிவன்புடன் வேண்டப்படுகிறது.*

ஒவ்வொரு வினையும் தனக்கு உரியவளோடு, கோத்திரம் பார்த்து, முகூர்த்தம் தப்பாமல் சேர்ந்திருக்கிறது. கொட்டு மேளம் ஒன்றுதான் பாக்கி. இந்தக் கல்யாணக் கூட்டத்தில் தாணுமாலையனையும் காணோம், இசக்கிசெல்வியையும் காணோம்.

இதுவரைக்கும் பெரிய தப்பு ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தவன் தொழில் மொழியில் எழுதினான், அவ்வளவுதானே? தப்பு கடிதத்துக்குக் கீழே வந்தது. யோசித்துச் செய்ததல்ல. இருபது வருஷம் எந்த மனுவையும் அவர் அது இல்லாமல் முடித்ததில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் அவர் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "நகல் போடாத மனு அநாதை வே. பெறுறவன் மேல அடுத்தவன் கண்ணு இருக்குன்னு அவனுக்குத் தெரியணும். அப்பத்தான் காயிதம் நகரும்."

அப்படியே அடித்தார்.

*நகல்: (1) திருமதி பேச்சி, மேற்படியாரின் தாயார் – தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும். (2) திரு. சத்தியதாஸ், யூனியன் செயலாளர், மேற்படி திருமணத்துக்கு முன்னின்றவர் – மேற்பார்வைக்கு. (3) திரு. பட்டாபி – சாட்சி என்ற முறையில். (4) கோப்புக்கு.*

கவர்களில் முகவரியும் அடித்து, புளிமூட்டுத் தபாலாபீசில் மூன்றைப் போட்டுவிட்டு, அன்று நிம்மதியாகத் தூங்கினார். பட்டாபிக்குரிய நகலைக் கையிலேயே கொடுத்தார். பட்டாபி மறுநாள் அதைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். "'ஆழ்ந்து' வேண்டாம் தாணு. 'வருந்தத்தக்கது' போரும். ரொம்ப இறங்கப்படாது."

6

பத்து நாள் கழித்து, யூனியன் கூட்டத்துக்காக டவுனுக்கு இறங்கி வந்த சத்தியதாஸ் கடைக்குள் வந்தார். கையில் அந்தக் கவர்.

(இந்தக் காட்சியை முதலில் உரையாடல் இல்லாமல் எழுதினேன். "சத்தியதாஸ் நடந்ததை விவரித்தார், தாணுமாலையன் அதிர்ந்தார்." பிறகு சத்தியதாஸையே நேரில் கேட்டேன். அதற்கப்புறம் என் வாக்கியத்தை வைத்திருக்க மனம் ஒப்பவில்லை.)

"மாப்ளே, இது என்ன பணி காட்டிவச்சீரு?"

"கெடச்சுதா?"

"கெடச்சுதாவா? லயத்துக்குத் தபால்காரன் ஏற மாட்டான்னு தெரியாதா? கடுதாசி எல்லாம் மஸ்டர்லயாக்கும் குடுப்பான். காலம்பற வேலைக்குப் பேரு விளிக்கயில தபாலையும் விளிப்பாங்க. ஒரே மாதிரி கவர் மூணு. டைப் அடிச்ச அட்ரஸ். அதுல ஒண்ணு எனக்க பேருல, யூனியன் செக்ரட்டரின்னு போட்டு. ஜனம் என்ன நெனைக்கும்?"

"என்ன நெனச்சுது?"

"போன மாசம் கம்பிளி கேட்டு நோட்டீஸ் குடுத்திருந்தோம்லா, அதுக்குள்ள பதில்னு நெனச்சுது! 'வாசியும் தோழரே, வாசியும்'னு பெண்ணுங்க எல்லாம் வளஞ்சு நின்னுது. நானும் கல்லு மேல ஏறி நின்னு உரக்க வாசிச்சேன், வரிவரியா தமிழாக்கி."

தாணுமாலையன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேல 'பொருள்'னு போட்டிருந்துதே வே, பாக்கலியா?"

"பொருள், பார்வை எல்லாம் ஆரு வாசிப்பா? யூனியன்ல நாங்க நேரே பாராவுக்குப் போவோம். 'நிபந்தனையற்ற மன்னிப்பு'ன்னு வந்துது பாரும், ஜனம் கைதட்டிச்சு. மானேஜர் மன்னிப்புக் கேக்காருன்னு! ஒருத்தன் சிந்தாபாத் விளிச்சான். 'முன்னேற்பாடுகள் செய்யப்படும்'னு வாசிச்சப்போ பின்னயும் கைதட்டு. பொறவு 'கூடிய விரைவில் திரும்பி வந்து'ன்னு வந்துது. ஆரு திரும்பி வரணும், எங்க வரணும்னு எனக்கு ஒரு சம்சயம். மேல போயி பொருளைப் பாத்தேன்."

"வாசிச்சிட்டீரா?"

"வாயில வந்துட்டு மாப்ளே."

தாணுமாலையன் அவர் கையிலிருந்த கவரை வாங்கி மேஜைமேல் குப்புற வைத்தார்.

"அவ என்ன செய்தா?"

"நிறுத்தச் சொல்லல. கடைசி வரைக்கும் நின்னு கேட்டா. பொறவு கூடையை மாட்டிட்டுக் கொழுந்து கிள்ளப் போயிட்டா, அம்மைக்குப் பதிலா." சத்தியதாஸ் குரலைத் தாழ்த்தினார். "உமக்கு ஒரு காரியம் தெரியுமா? அவ வந்து ஒரு மாசம் ஆகப்போவுது. அம்மைக்குக் காலு, அதாக்கும் வந்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருந்தா. சண்டைன்னு பெத்த அம்மைக்குக்கூடத் தெரியாது. 'எனக்க வீட்டுக்காரருக்க இங்கிலீஷைக் கண்டா கலெக்டரு எழும்பி நிப்பாரு'ன்னு லயம் முழுக்கப் பெருமை சொல்லிட்டு நடந்தா. நீரு நகல் போட்டு விளம்பினீரு."

தாணுமாலையன் இழுப்பறையைத் திறந்து நோட்டைப் பார்த்தார். மூடினார்.

"ஒரு பதில் எழுதுனாளா?"

"எழுத்தெல்லாம் மதி, போதும்னா. 'அங்க ரெண்டு ஆளு சிரிச்சாங்க. இங்க முழு லயமும் கேட்டாச்சு. இனி வந்து வாயால சொல்லட்டு, எல்லாரும் கேக்க. தமிழ்ல. மெஷினைக் கொண்டு வரப்பிடாது'ன்னா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வரணும். திங்கக்கிழமை அம்மைக்க எடத்துல இவளுக்க பேரைப் பதியப் போறாங்க. பதிஞ்சாச்சுன்னா அவ எறங்கி வர மாட்டா. நான் முன்னால நின்னு கட்டிவச்ச கல்யாணமாக்கும், பாத்துக்கிடும்."

7

[அடிப்பவர் குறிப்பு: ஆறாம் பகுதியை அடிக்க ரெண்டு நாள் ஆச்சு. புதுக் கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லை.]

8

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பானூரில் பஸ் ஏறினார். கையில் ஒன்றுமில்லை. கை அதற்குப் பழகாமல் மடியில் கிடந்து மெதுவாக அடித்துக்கொண்டே வந்தது.

நெடுமங்காடு தாண்டியபோது ஒரு பெரிய சிக்கல் வந்தது. மன்னிப்பு என்பதற்குத் தமிழில் என்ன வினை? கேட்பதா? கடையில் போய்ப் புளி கேட்கிறதுபோல இருக்கிறது. கோருவதா? அது அரசாங்கம். வேண்டுவதா? சாமியிடம். 'மன்னிச்சிரு'? அது உத்தரவு போடுகிறது. அவருடைய நோட்டில் ஆயிரத்து நானூறு ஜோடி. தமிழ்ப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. உதடு அசைவதைப் பார்த்து கண்டக்டர் கேட்டார், "எந்தா சாரே? ஸ்டாப் வேணோ?"

வித்துராவில் இறங்கினார். மேலே போகிற பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. எதிரே திருவனந்தபுரம் பஸ் கிளம்பத் தயாராக

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவரைத் திரும்ப அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. கதை சோகமாகவும், சிறுசாகவும், பத்திரிகைக்குத் தோதாகவும் முடியும். ஆனால் அவர் அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ குடித்தார். அது கிளம்பிப் போயிற்று. நான் ஒன்றும் செய்யவில்லை.)

மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வாக்கியம் தயாரித்து, அடுத்த வளைவில் கைவிட்டார்.

லயத்து வாசலில் இருபது முப்பது பேர். விடுமுறை நாள், வேறு வேடிக்கை இல்லை. மாமியார் பேச்சி ஒரு பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் உண்மையாகவே வீங்கியிருந்தது.

"வாங்க மருமவனே. எனக்கும் ஒரு காயிதம் வந்துது. எழுத்தறியாத்த எனக்கு இங்கிலீஷ்ல! 'தேவையான நடவடிக்கை'ன்னு போட்டிருந்தியளாமே?" பக்கத்தில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எடுக்கட்டா?"

கூட்டம் சிரித்தது. இசக்கிசெல்வி கல்லில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு நிமிர்ந்து நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள்.

தாணுமாலையன் வாயைத் திறந்தார்.

9

முடிவு அ: அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அழுதுவிட்டார். அதுவே போதும் என்று அவள் சேலைத் தலைப்பால்

முடிவு ஆ: வெகுநேரம் திணறிவிட்டு, அவளுடைய இங்கிலீஷிலேயே சொன்னார்: "ஐ கிவ் சாரி. யூ கம்." லயமே சிரித்தது. அவளும். (இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு பேரிடம் படித்தும் காட்டினேன்.)

முடிவு இ: ஒன்றும் பேசாமல் போய் அந்தத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொடியை நோக்கி நடந்தார். (இலக்கியப் பத்திரிகைக்கு.)

மூன்றையும் எழுதி, இன்னதுதான் என்று தீர்மானிக்காமல், ஒரு திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கடை இப்போது மாறிவிட்டது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. முன்மேஜையில் இசக்கிசெல்வி. வருகிறவர்களிடம் விஷயத்தை வாங்குவது அவள். உள்மேஜையில் அடிப்பது அவர். நிறம், நாள், நேரம், பஸ் நம்பர் என்று அவள் கேட்டு வாங்கித் தருவதில் பாதி விவரத்துக்கு அவருடைய நோட்டில் ஜோடியே இல்லை என்று முனகுவார். பெஞ்சில் பட்டாபி, சாக்கடைக் கடிதத்தோடு. அவரையும் அவள்தான் கேள்வி கேட்கிறாள். "சாருக்கு என்ன வேணும்? சாக்கடை மூடணுமா? அதை முதல் வரியில சொல்லுங்க" என்று அவள் கேட்டதையும், அவர் "அதுக்கு ஒரு முன்னுரை வேண்டாமோ?" என்று பரிதாபமாக விழித்ததையும் நானே கண்டேன்.

என் தாள்களை அவள் முதலில் வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது.

"இது ஆரு அழுதது? இவரா? வெங்காயம் உரிச்சாலே எழும்பிப் போற ஆளாக்கும்." முதல் முடிவின்மேல் ஒரு கோடு.

"இது என்ன அண்ணாச்சி, சினிமா பாத்துட்டு எழுதுனியளா?" எனக்கு ரொம்பப் பிடித்ததன்மேல் இரண்டு கோடு.

"வாளியைத் தூக்குனா ஆயிருமா? வாயால சொல்லணும்னுல்லா நான் சொல்லிவிட்டது."

"அப்ப வாயாலதான் சொன்னாரா?"

"சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

அவள் எழுந்து ஒரு கிராக்கியைக் கவனிக்கப் போய்விட்டாள். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். தாணுமாலையன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "அடிக்காதது எனக்கு ஓர்மை நிக்காது வே." காது மட்டும் சிவந்திருந்தது.

விடவில்லை. அடுத்த ஞாயிறு நானே எஸ்டேட்டுக்குப் போனேன். முப்பது பேர் கேட்டது ஒருத்தருக்குமா தெரியாது? சத்தியதாஸ் சொன்னார்: "நல்லாச் சொன்னாரு. ஜனமே சத்தமில்லாம நின்னுது. வார்த்தையா? வார்த்தை என்னமோ… சொன்னாருல்லா!" ஒரு பெண் சொன்னாள், நீளமாகப் பேசினார் என்று. இன்னொருத்தி, ரெண்டே வார்த்தை என்று அடித்துச் சொன்னாள். பேச்சி கட்டையைக் கீழே வைத்த இடத்தை மட்டும் காட்டினாள்.

திரும்பி வந்து இசக்கிசெல்வியிடம் சொன்னேன், ஒருத்தருக்கும் நினைவில்லை, நீங்கள் சொன்னால்தான் கதை முடியும் என்று.

"எனக்கு ஓர்மை இருக்கு" என்றாள். "அதுக்குக் காப்பி எடுக்கப்பிடாது அண்ணாச்சி. ஒருக்கா எடுத்து நாங்க பட்டது மதி."

"வாசிக்கிறவங்க என்ன செய்வாங்க?"

"அவங்க வீட்டுலயும் ஆளு உண்டுல்லா? அவங்ககிட்டயும் சொல்லாம வச்சது ஒண்ணு இருக்கும். எடத்தை ஒழிச்சு விடுங்க. போயி நேரே நின்னு சொல்லட்டு. என்ன வார்த்தை வருதுன்னு அப்பத் தெரியும்."

அவள் சொன்னபடி இடம் விட்டிருக்கிறேன்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

அடித்து வந்த பிரதியில், இந்தப் புள்ளிகளுக்குக் கீழே, நான் எழுதாத ஒரு சொல் இருந்தது. பாவம், அவர் விரல்கள் பழக்கத்தில் அடித்துவிட்டன. பக்கத்தில் முன்மேஜைக் கையெழுத்தில், பேனாவால் இன்னொரு சொல். இரண்டையும் அப்படியே விடுகிறேன்.

நகல்: இல்லை